தர்ஷினியின் மூன்றாவது ரிப்போர்ட்

என் தம்பி மகளின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றை நான் மறைத்து வைத்தேன். அதனால் அவள் சிகிச்சை ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினொரு வாரம் தள்ளிப்போயிற்று. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

எங்கோ வைத்து மறந்துபோனதல்ல. பிரித்துப் படித்தேன். அதில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான்காக மடித்து, என் கடையின் உரிமச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் செருகினேன். கேட்டவர்களிடம் ரிப்போர்ட் வரவில்லை என்று சொன்னேன்.

நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் சொல்ல வாய் வருகிறது... அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

என் பெயர் பத்மா. வயது ஐம்பத்தொன்று. கணவர் இறந்த பிறகு, குழந்தைகள் இல்லாத நான், திருவண்ணாமலையில் வேங்கிக்காலில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தம்பி ஸ்ரீபால் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறான். அவன் மனைவி சுகந்தி எங்கள் தாய்மாமன் மகள். அவர்களின் ஒரே பெண் தர்ஷினி.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் சுகந்தி ஒரு வாய் சாப்பிடமாட்டாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கெல்லாம் கொலஸ்ட்ரால் வராது என்ற ஒரு கர்வம் எங்கள் வீட்டில் இருந்தது.

எனக்குச் செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. சத்துணவுப் பொருள்கள் விற்கிறேன். ஓட்ஸ், சிறுதானிய பிஸ்கட், ஆளிவிதை, பாதாம், சர்க்கரை சேர்க்காத பழக்கூழ். வெளிநாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களும், ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். எதில் என்ன சத்து இருக்கிறது என்று படித்துப் படித்து, பாதி மருத்துவர் ஆகிவிட்டதாக நானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் கடைக்கு வந்த பொருள்களில் ஒன்று, தாவர ஸ்டீரால் சேர்த்த ஸ்ப்ரெட். வெண்ணெய் போலிருக்கும். சப்பாத்தியிலோ ரொட்டியிலோ தடவிச் சாப்பிட வேண்டும்.

தாவர ஸ்டீரால் ஒன்றும் விசித்திரமான பொருள் அல்ல. எண்ணெயிலும் விதையிலும் பருப்பிலும் இயல்பாகவே இருப்பது. உருவத்தில் கொலஸ்ட்ராலுக்கு உடன்பிறப்பு மாதிரி. அதைப் பிரித்தெடுத்து உணவில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். சாப்பாட்டோடு குடலுக்குள் போனால், கொலஸ்ட்ரால் உடம்பில் ஏறுகிற இடத்தை இது முந்திப் பிடித்துக்கொள்கிறது. ஏற இடமில்லாத கொலஸ்ட்ரால் கழிவோடு வெளியே போய்விடுகிறது.

இது பொய்யில்லை. நானே சாப்பிட்டேன், எனக்குக் கொஞ்சம் குறைந்தது. என்னிடம் வாங்குகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் குறைந்தது. அந்த டப்பாவின் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இன்றும் அதை விற்கிறேன்.

குற்றம் என்னுடையது.

அந்த ஆண்டு ஜூனில் பள்ளி திறந்தது. ஒரு வாரத்தில் தர்ஷினியின் விளையாட்டு ஆசிரியை கூப்பிட்டனுப்பி, அவள் முழங்கைகளிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள் இருப்பதைக் காட்டினார். வலியில்லை, அரிப்பில்லை. நாங்கள் பார்த்திருந்தோம்; காய்ப்பு என்று விட்டிருந்தோம்.

தெருமுனையில் இருந்த குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கொலஸ்ட்ரால் நானூற்றுப் பத்து.

"கறி, முட்டை எதுவும் இல்லாத வீட்லயா இவ்ளோ ஜாஸ்தி?" என்று அவரே இரண்டு முறை கேட்டார். பிறகு, "நெய், வெண்ணெ, ஸ்வீட் எல்லாம் கம்மி பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார்.

நெய் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சுகந்தியைப் பார்த்தோம்.

தர்ஷினிக்குச் சூடான சாதத்தில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து ஊட்டுவது அவள் வழக்கம். ஒன்பது வயதிலும் ஊட்டினாள். எனக்கு அது பிடிக்காது. ஏன் பிடிக்காது? எனக்குப் பிள்ளை இல்லை என்பதாலா? இந்தக் கேள்வியை அப்போது நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றே நெய் டப்பாவை எடுத்து என் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். மறுநாள் ஸ்ப்ரெட் டப்பா வீட்டுக்கு வந்தது. மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்றிருந்தது. இவளுக்கு ஒன்பது. அப்படியென்றால் கொடுக்கலாம் என்று முடிவுசெய்தேன். மருத்துவரைக் கேட்கவில்லை. அவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று உள்ளுக்குள் ஒரு ஏளனம்கூட இருந்தது.

"காலைல ரெண்டு சப்பாத்தில தடவிக் குடு" என்று சுகந்தியிடம் சொன்னேன். "எண்ணெ நல்லெண்ணெ மட்டும். சாயந்திரம் ஊறவெச்ச பாதாமும் மல்லாட்டையும் குடு." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

"சரிங்க அண்ணி" என்றாள். சொன்னபடியே செய்தாள்.

செப்டம்பரில் இரண்டாம் பரிசோதனை. நானூற்று எண்பது.

குறைய வேண்டியது கூடியிருந்தது. மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "வீட்ல கட்டுப்பாடாதான் இருக்கீங்களா? இன்னும் ரெண்டு மாசம் பாருங்க. அதுக்கப்புறமும் கம்மியாகலன்னா ஒரு நாள்கூட தள்ளாதீங்க, வேலூர்ல ஒரு டாக்டருக்கு எழுதித் தரேன், உடனே போயிடணும்" என்றார்.

ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்! அவர் அப்படித்தான் சொன்னார். என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

சுகந்தி எனக்குத் தெரியாமல் நெய் கொடுக்கிறாள். இதுதான் எனக்குத் தோன்றிய ஒரே காரணம். வேறொன்று இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. சமையலறையில் பாத்திரங்களை முகர்ந்து பார்த்தேன். அவள் தலையணைக்கு அடியில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்காததை அவளுடைய சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் நடுவில் ஊரில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. எங்கள் கோயில் வளாகத்தில் பந்தி. யாரோ ஒருத்தி தர்ஷினியின் இலையில் நெய் ஊற்ற வந்தாள். நான் எழுந்து தடுத்தேன். ஏன், என்ன என்று நாலு பேர் கேட்டார்கள். உறவினர்கள் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "பெத்தவளே தெரியாம ஊட்டி ஊட்டி புள்ள ரத்தத்த கெடுத்து வெச்சிருக்கா."

சுகந்தியின் கை இலையில் அப்படியே நின்றது. "ஒரு சொட்டுகூட குடுக்கலீங்க அண்ணி. டப்பாவயே நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க. கோயில்ல உக்காந்து சொல்றேன்" என்றாள்.

யாரும் அவளுக்காகப் பேசவில்லை. நான் சத்துணவுக் கடை வைத்திருப்பவள். படித்தவள். அவள் பேச்சுக்கு என்ன எடை?

வீடு திரும்பியதும் தம்பி அவளிடம், "உங்கப்பாவுக்கு கால் உடைஞ்சி கெடக்குல்ல, நீ கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வா. பாப்பாவ அக்கா பாத்துப்பா" என்றான். அவள் அப்பாவுக்குக் கால் உடைந்தது உண்மைதான். ஆனால் அவளை அனுப்பியது அதற்காக இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். தர்ஷினிக்கும் தெரிந்திருக்கும்.

ஆறு வாரம் சுகந்தி ஊரில் இருந்தாள்.

அந்த ஆறு வாரமும் சமையலறை என் கையில் இருந்தது. வீட்டில் ஒரு துளி நெய் இல்லை. வெண்ணெய் இல்லை. கடையில் வாங்கிய இனிப்பு இல்லை. காலையில் ஓட்ஸ், அதில் ஆளிவிதைப் பொடி. ஸ்ப்ரெட் தடவிய சப்பாத்தி. பகலில் நல்லெண்ணெய் தாளித்த கூட்டு. மாலையில் பாதாம், வேர்க்கடலை, எள்ளுருண்டை. பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டு, நானே அழைத்துவந்தேன். அவள் வாய்க்குள் போன ஒவ்வொரு பருக்கையும் எனக்குத் தெரியும்.

மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்து ஒட்டிக்கொண்டவளாக இல்லாமல், அந்த வீட்டுக்குத் தேவையானவளாக இருந்த ஆறு வாரம் அது.

நவம்பர் கடைசியில் மூன்றாம் பரிசோதனை. பள்ளிவிட்டு வரும் வழியில் லேபுக்கு அழைத்துப் போனேன். மறுநாள் பகல் நான் மட்டும் போய் ரிப்போர்ட்டை வாங்கினேன். லேபின் படிக்கட்டில் நின்றே பிரித்தேன்.

ஐந்நூற்று அறுபது.

முதலில் வேறொருவருடையது என்று நினைத்துப் பெயரைப் பார்த்தேன். அவள் பெயர்தான். வயது ஒன்பது. என் கைப்பேசி எண்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் நெய் இல்லை. சுகந்தியும் இல்லை. அப்படியானால்...

அவள் குற்றமற்றவள் என்பதற்கு அந்தக் காகிதத்தைவிட வேறு சாட்சி தேவையில்லை. நான் கொடுத்த ஏதோ ஒன்றுதான் குழந்தையைக் கெடுக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி. எது என்று அப்போது தெரியவில்லை. ஆனால் அது என் கையிலிருந்துதான் போகிறது என்பது தெரிந்தது. முழுவதும் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை அந்தப் படிக்கட்டோடு முடிந்துவிட்டது.

உடனே வேலூருக்குப் போயிருக்க வேண்டும். தம்பியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். சுகந்தியைக் கூப்பிட்டு, "நீ வா, தப்பு என்மேல" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழுந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கடைக்குப் போனேன். கோப்பில் செருகினேன்.

ஏன்?

நூறு முறை கேட்டுக்கொண்டாயிற்று. காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் கண்முன் வந்தன. அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை, எது உடம்புக்கு நல்லது என்று தெரிந்தவள் என்பதுதான். அதுவும் போனால் நான் அங்கே யார்? தம்பி வீட்டில் சோறு தின்கிற விதவை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அன்று மாலை நான்கரைக்கு, வழக்கம்போல் ஊரிலிருந்து சுகந்தி பேசினாள். மகளிடம் பேசி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள். "டெஸ்ட் எடுத்தீங்களாமே அண்ணி. கம்மியாயிருக்கா?"

"லேப்ல மெஷின் ரிப்பேராம். ரிப்போர்ட் வரல. அப்புறமா வேற எடுத்துக்கலாம்" என்றேன்.

"கம்மியாயிருக்கும்ங்க. நீங்க பாத்துக்கறீங்கல்ல" என்றாள்.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். தம்பியிடமும் அதே மெஷின் கதையைச் சொன்னேன். அலுவலகத்தில் அவனுக்கு வேலை நெருக்கடி. "சரிக்கா" என்று விட்டுவிட்டான்.

ஸ்ப்ரெட்டை நிறுத்தினேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கூட்டினேன். அளவு போதவில்லையோ என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு, ஒரு கரண்டியை இரண்டாக்கினேன். அதை நிறுத்தினால், அதுதான் காரணம் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? அப்படித்தான் என் புத்தி ஓடியது.

தீபம் முடியட்டும், காட்டிவிடலாம் என்றிருந்தேன். கார்த்திகையில் ஊர் கொள்ளாத கூட்டம். கடையை விட்டு நகர முடியவில்லை என்பது வசதியான சாக்கு. தீபம் முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றேன். பொங்கலும் போயிற்று.

நடுவில், டிசம்பர் தொடக்கத்தில், சுகந்தி திரும்பி வந்தாள். வந்த அன்று தர்ஷினிக்குத் தட்டு எடுத்து வைத்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்றபடி, "பாப்பாவுக்கு நீங்களே போட்டுடுங்க அண்ணி. நான் தொடல. அப்புறம் ஏதாச்சும்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

தன் குழந்தைக்குச் சோறு போட அவள் பயந்தாள். இரண்டு மாதம் தன் கையால் ஒரு வாய் ஊட்டவில்லை. தர்ஷினி போய் மடியில் உட்கார்ந்தால்கூட, கையில் ஏதும் இல்லை என்று காட்டுவதுபோல் விரல்களை விரித்து வைத்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "உன்மேல தப்பில்ல" என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை.

கட்டிகள் பெரிதாயின. முழங்கையில் கடலைப்பருப்பு அளவு. தர்ஷினி முழுக்கைச் சட்டை கேட்டாள்.

பிப்ரவரியில் ஒரு பௌர்ணமி, சனிக்கிழமை. அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ பாதியில் இறக்கிவிட்டது. இரண்டு பேரும் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் அவள் என் கையை விட்டுவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்தாள்.

"மூச்சு வாங்குது அத்தை. நெஞ்சு டக்கு டக்குன்னு அடிக்குது."

உதடு வெளுத்திருந்தது. கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். "இவ அம்மா நீங்களா?" என்று என்னைக் கேட்டாள். "இல்ல, அத்தை" என்றேன். "அம்மாவ கூப்பிடுங்க" என்றாள்.

அன்று மாலையே தம்பியிடம், "வேலூர் போகலாம். நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை லீவு போடு" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் மறு கேள்வி கேட்கவில்லை. சுகந்திக்குக் காய்ச்சல்; அவள் வரவில்லை.

வேலூர் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கட்டிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்களைப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "சொந்தத்துல கல்யாணமா?" என்றார். தம்பி தலையாட்டினான். பிறகு, என்ன சாப்பிடுகிறாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். நான்தான் சொன்னேன். ஸ்ப்ரெட் என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

"எவ்ளோ நாளா?"

"ஜூன்லேர்ந்து."

"தினமுமா?"

"தினமும்தான்."

இரத்தத்தைச் சாதாரண லேபில் இல்லாத ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை எண்ணெய், விதை, பருப்பு வகைக் கொட்டைகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். முடிவு வந்ததும் மறுபடி போனோம். அப்போது சுகந்தியும் வந்தாள். அவர் விளக்கினார்.

"செடியில இருக்கற இந்தக் கொழுப்பு நாம எல்லாருமே தினம் சாப்பிடறதுதான். ஆனா நம்ம குடல் அத உள்ள விடாது, திருப்பி வெளிய தள்ளிடும். அதனாலதான் மத்தவங்களுக்கு அந்த ஸ்ப்ரெட் நல்லது செய்யுது. இவளுக்கு வெளிய தள்ளற அந்த வேலை பொறவிலேயே நடக்கல. உள்ள போனதெல்லாம் ரத்தத்துல சேருது. சாதாரண டெஸ்ட்ல அதுவும் கொலஸ்ட்ரால்னே காட்டும். ரொம்ப அபூர்வமா வர்றது. அப்பா வழியிலயும் அம்மா வழியிலயும் சேந்து வந்திருக்கு. யார் தப்பும் இல்ல."

"நெய்யிங்களா டாக்டர்?" என்று சுகந்தி கேட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"நெய்யும் அளவாதான் இருக்கணும். ஆனா இத கொண்டுவந்தது நெய் இல்லம்மா."

சுகந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி தரையைப் பார்த்தான்.

மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஜூன், செப்டம்பர்... அப்புறம் நம்மகிட்ட வந்தது பிப்ரவரி. நடுவுல எடுக்கலையா?"

தம்பி என்னைப் பார்த்தான். "லேப்ல மெஷின் ரிப்பேர்னாங்க டாக்டர்" என்று அவனே சொல்லிவிட்டான். நான் தலையாட்டினேன். பொய்யைக்கூட என் தம்பி சொல்லும்படி ஆயிற்று.

இதயத்தை ஸ்கேன் எடுத்ததில், ஒரு வால்வு கொஞ்சம் தடித்திருந்தது. இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார். வெளியே வந்தவள், கைப்பையை மறந்ததாகச் சொல்லித் தனியே திரும்பிப் போனேன்.

"ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?"

அவர் யோசித்துச் சொன்னார். "அப்பிடி யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். ஆனா அந்த டப்பாவ எவ்ளோ சீக்கிரம் நிறுத்தியிருந்தாலும் அது இவளுக்கு நல்லதுதான்."

வந்திருக்காது என்றாவது, எப்படியும் வந்திருக்கும் என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாத இடத்தில் நான் நான்கு ஆண்டுகளாக நிற்கிறேன்.

தர்ஷினி தேறினாள். தினம் ஒரு மாத்திரை. எண்ணெய் மிகக் கம்மி. வேர்க்கடலை, எள், பாதாம், சாக்லேட் கிடையாது. சில மாதங்களில் கொலஸ்ட்ரால் பாதிக்கும் கீழே இறங்கியது. கட்டிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வால்வு மட்டும் அப்படியே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என்னை யாரும் திட்டவில்லை. "அக்கா நல்லதுன்னு நெனச்சுத்தானே குடுத்தா. டாக்டருக்கே பரிசோதன பண்ணித்தானே தெரிஞ்சுது" என்றான் தம்பி. சுகந்தியோ, வேலூரிலிருந்து வந்த அன்றே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அன்னிக்கி வேலூர் போகணும்னு சொல்லலன்னா புள்ள என்ன ஆயிருக்கும் அண்ணி" என்று அழுதாள். அவளைப் பந்தியில் அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க. எனக்கே அப்போ சந்தேகம் வந்துடுச்சி, தெரியாம குடுத்துட்டனோன்னு" என்றாள்.

பாருங்கள், தன் கையையே அவள் சந்தேகப்படும்படி நான் செய்திருக்கிறேன்.

ஸ்ப்ரெட் கொடுத்ததை மன்னித்துவிட்டார்கள். அது அறியாமை. மன்னிக்கக்கூடியதுதான். மற்றதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது; தெரியாததை எப்படி மன்னிப்பார்கள்?

சொல்லிவிட நினைத்த நாள்கள் உண்டு. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் சுகந்தி என்னைக் காட்டி, "எங்க அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க" என்பாள். அப்போதெல்லாம் தொண்டை வரை வரும். காபி எடுத்துவருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.

இப்போது அந்த ஸ்ப்ரெட்டை வாங்க வருகிறவர்களிடம் நிறையக் கேட்கிறேன். யாருக்கு, என்ன வயது, மருந்து சாப்பிடுகிறார்களா, மருத்துவரைக் கேட்டீர்களா என்று. குழந்தைக்கு என்றால் கொடுப்பதில்லை. சிலர் எரிச்சலோடு திரும்பிப் போகிறார்கள். இதைப் பரிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். செய்ய வேண்டியதைத் தாமதமாகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

தர்ஷினிக்கு இப்போது பதின்மூன்று வயது. கடைக்குப் போனால் எந்தப் பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்து, சேர்த்திருக்கும் பொருள்களைப் படித்துவிட்டுத்தான் எடுப்பாள். இந்த ஆண்டுப் பரிசோதனைக்கு வரும்போது, இதுவரை எடுத்த எல்லா அளவுகளையும் தேதி வரிசையில் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரும்படி வேலூர் மருத்துவர் அவளிடமே சொல்லியிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் அப்பாவின் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கட்டம் போட்ட தாள்; அதில் ஒவ்வொரு அளவையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கைப்பேசி என் மடியில் இருந்தது.

"அத்தை, அம்மா ஊர்ல இருந்தப்போ ஒரு தடவ ரத்தம் எடுத்தாங்கல்ல. நாம ரெண்டு பேரும்தானே போனோம். அது எதுலயுமே இல்லையே."

"அது வரலம்மா. மெஷின் ரிப்பேர்."

"இல்ல, இப்போ அந்த லேப்ல பழசெல்லாம் வெப்சைட்ல போட்டிருக்காங்க. ஃபோன் நம்பர் அடிச்சா வரும். என் ஃப்ரெண்டு எடுத்தா. உங்க நம்பர்தானே குடுத்தோம்?"

நான் பதில் சொல்லுமுன் அவள் என் எண்ணை அடித்துவிட்டாள். அவளுக்கு அது மனப்பாடம்.

என் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. ஆறு இலக்கம். முகப்பிலேயே தெரிந்தது.

"ஓடிபி வந்துச்சா அத்தை?"

"வரலையே."

"திரும்ப அனுப்பறேன்."

மறுபடி அதிர்ந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து, மேலே கீரைத்தட்டை வைத்துக்கொண்டேன். "இல்லம்மா. சிக்னல் இல்ல போல."

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சுகந்தி சொன்னாள்: "விடு பாப்பா. ஒண்ணு இருந்திருந்தா அத்தை எடுத்துக் குடுக்காம இருப்பாங்களா?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதாவது இருந்ததா? இருந்தது என்று சில நேரம் தோன்றுகிறது. வெறும் குழந்தையின் பார்வைதான் என்று சில நேரம் தோன்றுகிறது. "சரி" என்று கணினியை மூடிவிட்டாள்.

பிறகு அளவுகோலை எடுத்து, செப்டம்பர்ப் புள்ளியிலிருந்து பிப்ரவரிப் புள்ளிக்கு நேராக ஒரு கோடு இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.